விரிப்பின் மறுமுனை

கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை எடுத்து மடிக்கும்போது அவள் ஒரு கணம் நிற்பாள். இரண்டு மூலைகளையும் விரல்களில் கோத்து, கைகளை மார்புக்கு நேரே நீட்டி, குதிகால்களைச் சற்றே உயர்த்தி எதிரே பார்ப்பாள். எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். சுவர் இருக்கும், அல்லது தண்ணீர்த் தொட்டி இருக்கும். மூச்சு விடும் நேரம் அப்படி நின்றுவிட்டு, பிறகுதான் குனிந்து மறுமுனையைத் தேடி எடுப்பாள்.

திருமணமான புதிதில் கணவனுக்கு இது கண்ணில் படவில்லை. வருடங்கள் போகப்போகப் பட்டது.

"அந்தப் பக்கம் யாரும்மா? எனக்கும் கொஞ்சம் அறிமுகப்படுத்தி வையேன்."

"உங்க மாமியார்தான். நல்லாப் பாருங்க, தெரிவாங்க."

அவன் சிரித்துவிட்டுப் போவான். ஒருநாள் அவனே வந்து மறுமுனையைப் பிடித்தபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "விடுங்க, உங்களுக்கு வராது." ஒரு விரிப்பு மடிக்கக்கூட லாயக்கில்லாதவனா என்று அவனுக்கு ரோஷம் வந்தது. அதற்குப் பிறகு அவன் கேலியும் செய்வதில்லை, கிட்டேயும் வருவதில்லை.

அந்தப் பழக்கம் அவளுக்கு ஒரு லாண்டரியில் வந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அவள் பகுதி நேரமாக வேலை பார்த்த இடம் அது.

அப்பா பெயிண்டர். அம்மா ஆயத்த ஆடைக் கூடத்தில் பொத்தான் தைப்பவள். அந்தப் பரம்பரையில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் படித்தவர் என்று யாரும் இல்லை. மகளுக்கு வேதியியலில் இடம் கிடைத்ததும் அப்பா போகிற சாரத்தில் எல்லாம் ஏறி நின்று சொன்னார். "எம் பொண்ணு கெமிக்கல் படிக்கப் போறா. நான் மட்டும் என்ன, இருபது வருஷமா கெமிக்கல்லதானே கிடக்கிறேன்! நான் மூக்கால படிச்சேன், அவ புத்தகத்தால படிக்கப் போறா." விடுதிச் செலவு என்று ஒன்று இருப்பது அவருக்கு அப்போது தெரியாது.

சேர்ந்த வாரத்தில் புதிய மாணவர்களைப் பெரிய அரங்கில் உட்கார வைத்து, மாணவர் நல அலுவலர் பேசினார். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "நல்லதுதானே?" என்று கேட்பார். அதனால் மாணவர்களிடையே அவர் பெயரே நல்லதுதானே.

"படிச்சுக்கிட்டே வேலை பார்த்தா நேரத்தோட அருமை தெரியும். நல்லதுதானே? நாலு மனுஷங்களோட பழகக் கத்துக்கலாம். தன்னம்பிக்கை வரும். நாளைக்கு வேலைக்குப் போறப்ப 'அனுபவம் உண்டா'ன்னு கேட்டா தலையை நிமிர்த்தி 'உண்டு'ன்னு சொல்லலாம். நல்லதுதானே?"

அவள் எல்லாவற்றையும் நம்பினாள். பிற்காலத்தில் யோசித்துப் பார்த்தபோதும் அவர் பொய் சொன்னார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னதெல்லாம் நடந்தது. அதுதான் கசப்பு.

நல அலுவலகமே அவளை அந்த லாண்டரிக்கு அனுப்பியது. மருத்துவமனைகளின் விரிப்புகளும் ஹோட்டல்களின் விரிப்புகளும் மலைமலையாக வந்து குவியும் இடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள். மறுபக்கம் ரோலர்கள். ஈர விரிப்பை ஒருபுறம் கொடுத்தால் மறுபுறம் அப்பளம்போலச் சூடாக, சுருக்கமில்லாமல் வெளியே வரும். வரும்போதே இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து, உதறி, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். அதற்குள் அடுத்தது தலையை நீட்டும். ரோலருக்குக் காத்திருக்கத் தெரியாது.

மேற்பார்வையாளருக்குக் கோபம் வந்தால் பல்லிடுக்கில் காற்று சீறும். நீராவி என்று பெயர். முதல் நாள் அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசி ரோலரில் நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டார். அவள் கதவு நிலை அளவுக்கு உயரம்.

"ஏம்மா நெட்டை, இந்தக் குட்டைய உன் ஜோடியாப் போட்டுக்க."

"சார், இவளோட மடிச்சா விரிப்பு சறுக்குமரம் மாதிரி இருக்கும் சார்."

"இருந்தா ஏறி விளையாடுங்க. வேலை நடந்தாச் சரி."

அன்றிலிருந்து அங்கே அவள் குட்டை. நெட்டை ஒரு காலி சோப்புத்தூள் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டாள். "ஏறுடி. உயரணும்னுதானே படிக்க வந்திருக்க?"

நெட்டையும் அதே பல்கலைக்கழக மாணவிதான். கணக்கு ஆசிரியைப் பயிற்சி. அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள். அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். "எங்கம்மா துடைக்கிற வார்டோட விரிப்பை நான் மடிக்கிறேன். குடும்பத் தொழில்" என்பாள். எதையும் சிரிக்காமல் சொல்வாள். கேட்பவர்தான் சிரிக்க வேண்டும்.

நீராவியின் சட்டம் ஒன்றுதான். ரோலரில் ஜோடி இல்லாவிட்டால் வேலை இல்லை. ஒருத்தி வராவிட்டால் மற்றவளும் வீட்டுக்குப் போக வேண்டும். அடிக்கடி வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நல அலுவலகத்துக்கும் தகவல் போகும். மாணவர் விடுதிக் கட்டணச் சலுகையும் அதோடு போகும். ஆனால் சட்டம் இருந்தால் சந்தும் இருக்கும். மாணவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்குப் பரீட்சை என்றால் இன்னொருத்தி அவளுடைய வருகைக் கார்டையும் சேர்த்து அடித்துவிட்டு, அவள் பங்கையும் பார்ப்பாள். பின்னால் இவளுக்குத் தேவைப்படும்போது அவள் பார்க்க வேண்டும். இதற்குக் கைமாற்று என்று பெயர். கடன் என்று யாரும் சொல்வதில்லை. கடனுக்குப் பத்திரம் உண்டு, வட்டி உண்டு. கைமாற்றுக்கு முகம் மட்டும்தான் ஈடு.

அழுக்குத் துணி பிரிக்கிற இடத்திலும் மூட்டை கட்டுகிற இடத்திலும் இருந்தவர்களுக்கு இது சுலபம். ரோலரில் யாரும் செய்ததில்லை. ஒரே ஆள் நான்கு மூலையை எப்படிப் பிடிப்பது? நெட்டை பிடித்தாள். குட்டைக்கு முதல் ஆய்வகத் தேர்வு வந்தபோது, "போடி, நான் பார்த்துக்கறேன்" என்றாள். இரண்டு கைகளையும் பருந்து சிறகு விரிப்பதுபோல விரித்து விளிம்பைப் பிடித்தாள். ஓர் உதறு உதறி முழங்காலால் நடுவைத் தடுத்தாள். தாடையில் ஒரு மடிப்பை இடுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். கடைசி ரோலருக்கு முன்னால் எப்போதும் தள்ளுவண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ஆவி மூடியிருக்கும். நீராவி எட்டிப் பார்த்தால், "குட்டை எங்க?" "பாத்ரூம் சார்." "எப்பப் பார்த்தாலும் பாத்ரூம். அவ படிக்கிறது அங்கதானா?"

குட்டைக்கு வேதியியல் ஆய்வகம் வாரம் தவறினாலும் தவறாது. தேர்வு, செய்முறை, திருப்புதல் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் நெட்டையின் கைகள் விரிந்தன. ஆய்வகத்தில் குட்டை சூடான குடுவையை வெறும் கையால் எடுத்து வைப்பாள். விரல் நுனிகள் ரோலர் சூட்டில் மரத்துப்போயிருந்தன. விரிவுரையாளர் வகுப்புக்கே காட்டினார். "பாருங்க, பயமில்லாத கை!" கூட இருந்த பெண்கள் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை நமக்கு" என்பாள் நெட்டை. "மீசை நனையாமக் குடிக்கிறதுக்குத்தான் கைமாத்து."

"உனக்கு நான் எப்படி திருப்பிச் செய்யப் போறேன்னு தெரியலடி."

"வரும், எனக்கும் ஒரு நாள் வரும். அன்னைக்கு மொத்தமா வசூல் பண்ணிடுவேன்."

அந்த நாள் கடைசி வருடத்தில் வந்தது. ஆசிரியைப் பயிற்சியின் இறுதித் தேர்வு எழுத்தில் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்க வேண்டும், பின்வரிசையில் தேர்வாளர் உட்கார்ந்து பார்ப்பார். நெட்டைக்குக் கிடைத்த பாடம் பின்னங்கள். ஒரு மாதமாக அவளுக்கு விரிப்புதான் கரும்பலகை, குட்டைதான் வகுப்பு.

"பாருங்க பிள்ளைங்களா, இது ஒண்ணு." விரிப்பை இழுத்துப் பிடிப்பாள். "இப்ப அந்தப் பக்கத்து அக்கா என்கிட்ட நடந்து வருவாங்க. வாடி சீக்கிரம், ரோலர் துப்புது. இது பாதி. திரும்ப மடிச்சா? பாதியில பாதி. துணி குறைஞ்சுதா? குறையல. கையில இருக்கிறது சின்னதாத் தெரியுது, ஆனா முழுசும் உள்ளேதான் இருக்கு. புரியுதா? அங்க என்ன தூக்கம், குட்டை?"

இதைவிட நன்றாகப் பின்னம் சொல்லிக்கொடுத்த ஒருவரைக் குட்டை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வகுப்பெடுக்கும் நாள் வேலை நாளாக விழுந்தது. நெட்டை முன்னதாகவே ஏற்பாடு செய்திருந்தாள். "துவைக்கிற இடத்துல சொல்லி வச்சிருக்கேன். அன்னைக்கு நம்ம ரோலருக்கு ஆஸ்பத்திரி ஒற்றை விரிப்பும் தலையணை உறையும் மட்டும்தான் வரும். சின்னது. உன் கைக்கு எட்டும். என் கார்டை அடிச்சுடு, போதும்."

குட்டை இரண்டு கார்டுகளையும் அடித்தாள். பெட்டியின் மேல் ஏறி நின்றாள். முதலில் தலையணை உறைகள் வந்தன. பிறகு ஒற்றை விரிப்புகள். சமாளித்தாள். இதென்ன பெரிய வித்தை என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் ஏதோ ஒரு ஹோட்டலில் மாநாடு என்று அவசரச் சுமை வந்து இறங்கியது. துவைக்கிற இடத்து ஆள் பாவம் என்ன செய்வான், இருந்த ரோலருக்கெல்லாம் பங்கு போட்டான். முதல் இரட்டைக் கட்டில் விரிப்பு சூடாக வெளியே வந்தது. அவள் கைகளை விரித்தாள். எட்டவில்லை. இத்தனை காலமாக இரண்டு பேருமே யோசிக்காத விஷயம் அந்த நொடியில் அவளுக்கு உறைத்தது. நெட்டை கொடுத்த கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க அவளிடம் அந்த நீளக் கையே இல்லை.

விரிப்பு தரையில் சரிந்தது. அதை எடுக்கப் பெட்டியிலிருந்து குதித்தாள். அடுத்தது வந்து அவள் தலைமேல் விழுந்தது. அதை விலக்குவதற்குள் மூன்றாவதன் விளிம்பு திரும்ப உருளைக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. கருகல் வாசனை. மணி அலறியது. ரோலர் நின்றது.

நீராவி தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். விரிப்புக்குள் முக்காடு போட்டவள்போல அவள் நின்றாள்.

"நெட்டை எங்க?"

பாத்ரூம் என்று சொல்லியிருக்கலாம். அவள் முக்காட்டை விலக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ கார்டு அடிச்சிருக்கே. யார் அடிச்சது?"

அவள் வாயே திறக்கவில்லை. சீறல் சத்தம் மட்டும் கேட்டது.

அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவள் அந்த நேரத்தில் பார்த்தது தன் அப்பாவை. பெயிண்ட் காற்றைக் குடித்துக் குடித்து, அந்த வருடம் அவர் ஏணியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட ஆரம்பித்திருந்தார். பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு பருவம். நெட்டைக்கும் ஓர் அம்மா இருக்கிறாள், அவளும் குனிந்து குனிந்து துடைக்கிறாள் என்பது அப்போது நினைவில் இல்லாமல் போனது எப்படி?

நெட்டை அன்று பள்ளிக்கூடத்தில் பிரமாதமாகப் பாடம் எடுத்திருந்தாள். தேர்வாளரே எழுந்து வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாராம். அந்தச் சிரிப்போடுதான் லாண்டரிக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். குட்டையை ஒரு பார்வை பார்த்தாள். நேராக நீராவியிடம் போய், "நான்தான் சார் அடிச்சுட்டு வெளியே போனேன். அவளுக்குத் தெரியாது" என்றாள்.

லாண்டரியில் நெட்டையின் பெயரை அடித்தார்கள். நல்லதுதானே கூப்பிட்டு விசாரித்தார். வருகையில் பொய் சொன்ன ஒருத்தி எப்படிப் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆவது என்று ஒரு குழு கேட்டது. பயிற்சி மதிப்பெண் ரத்தானது. நன்னடத்தையில் கறுப்புப் புள்ளி விழுந்தது.

விசாரணை அறைக்கு வெளியே குட்டை நின்றுகொண்டிருந்தாள். நெட்டை வெளியே வந்து அவள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" குட்டை அழுதாள்.

"ரெண்டு பேரும் முழுகி என்ன லாபம்? ஒருத்தி கரையேறு. ஏறின அப்புறம் கையை நீட்டி என்னை இழு."

"சத்தியமா இழுப்பேன்டி."

"குட்டைக் கைதான். பரவாயில்ல, எட்டும்."

குட்டை பட்டம் வாங்கினாள். அப்பா சாரத்துச் சகாக்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். லாண்டரியில் நற்சான்று தந்தார்கள்: நேரம் தவறாதவர், பொறுப்பானவர், பிறரோடு இணைந்து பணியாற்றக்கூடியவர். அந்தச் சான்றுதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. வேறெங்கும் இல்லை, அதே பல்கலைக்கழகத்தின் நல அலுவலகத்தில். தற்காலிக எழுத்தர். நல்லதுதானேதான் தேர்ந்தெடுத்தார். "நம்ம திட்டத்துல வளர்ந்த பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். வேதியியலுக்கும் அந்த நாற்காலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மரத்த விரல்கள் தட்டச்சுக்குத் தோதாக இருந்தன.

நெட்டை சில கடைகளில் நின்றாள், சில வீடுகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், நீராவியிடமே போய் நின்றாள். மாணவியாக இல்லாவிட்டால் அவளை வைத்துக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அதே கடைசி ரோலரில் பகுதி நேரம் முழு நேரம் ஆனது. "இப்ப நான் முழு எண். பின்னமெல்லாம் போச்சு" என்று வழியில் ஒருமுறை பார்த்தபோது சொன்னாள். சிரிக்கவில்லை. கேட்டவளும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு குட்டை அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள்.

வருடங்கள் போயின. திருமணம் ஆனது. கொடியில் விரிப்பு காய்ந்தது. அவள் ஒரு கணம் நின்று நின்று மடித்தாள்.

போன வருடம் நெட்டை அலுவலகத்துக்கே வந்தாள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்புறம் அவள் முகம் தெரியவில்லை, கழுத்து வரைதான் தெரிந்தது. பிறகு குனிந்தாள். முன்நெற்றியில் நரை.

"குட்டை, ஒரு விஷயம். பழைய கறுப்புப் புள்ளியை நீக்கச் சொல்லி மனு போடலாமாம். இந்த வருஷம்தான் கடைசியாம். எடுத்துட்டா பயிற்சியில மிச்சத்தை முடிச்சுடுவேன்."

"நல்ல விஷயம்தானேடி."

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ வந்து சொல்லணும். அன்னைக்கு நான் நிஜமாவே பாடம் எடுக்கத்தான் போனேன், கார்டை அடிச்சது நீ, நானும் உனக்கு அடிச்சிருக்கேன், எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம்னு. உண்மைதானே? அவ்வளவு போதும்."

குட்டை மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தாள். அந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு நல்லதுதானேயின் மேசைக்குப் போயிருந்தது. மனுவை விசாரிக்கும் குழுவிலும் அவர்தான் தலைவர்.

"வர்றேன்டி" என்றாள்.

"எனக்குத் தெரியும் வருவேன்னு" என்றாள் நெட்டை. வெளியே போகும்போது கதவு நிலையில் பழக்கமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மனு விசாரணைக்கு வந்த நாள் காலையில் குட்டைக்கு வயிற்றுவலி. கணவன் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். "ஆபீஸுக்கு நான் சொல்லிடவா?" என்றான். "ம்" என்றாள். வயிறு உண்மையிலேயே வலித்தது. மறுநாள் பக்கத்து நாற்காலிக்காரி சொன்னாள்:

"நேத்து உயரமா ஒரு அம்மா, உங்களைத்தான் கேட்டாங்க. மேல வராந்தாவுல பெஞ்சில உட்கார்ந்திருந்தாங்க. பேரைக் கூப்பிடறப்பல்லாம் 'இன்னும் ஒருத்தர் வரணும், இன்னும் ஒருத்தர் வரணும்'னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. கடைசில நேரம் முடிஞ்சுபோச்சுன்னு கதவைச் சாத்திட்டாங்க. யாருங்க அது, சொந்தமா?"

"தெரிஞ்சவங்க" என்றாள் குட்டை.

நெட்டை திட்ட வரவில்லை. அழவும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

நிரந்தர ஆணை வந்தது. இந்த வருடம் புதிய மாணவர் கூட்டத்தில் நல்லதுதானே அவளையே மேடையேற்றினார். "நான் பேசினா அறிவுரைம்பாங்க. நீ பேசினா அனுபவம். நல்லதுதானே?"

அவள் பேசினாள். நேரத்தின் அருமை தெரியும் என்றாள். மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளலாம் என்றாள். சொந்தக் காலில் நிற்கலாம் என்றாள். குரல் நடுங்கவில்லை. தன்னம்பிக்கையும் அந்த வேலை கொடுத்ததுதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முன்வரிசையில் நல்லதுதானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் ஒரு பெண் எழுந்தாள். செருப்பில் யாரோ தைத்த ஒட்டு. வீட்டில் முதல் ஆளாக வந்திருப்பவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், எனக்கு லாண்டரியில இடம் கொடுத்திருக்காங்க. பரீட்சை அன்னைக்கு வேலை வந்தா என்ன செய்யறது?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். குட்டை மைக்கைப் பிடித்துக்கொண்டாள். குதிகால்கள் தாமாக உயர்ந்தன.

"கூட வேலை பார்க்கிறவங்க பார்த்துக்குவாங்கம்மா."

"அப்புறம் அவங்களுக்கு நான் திருப்பிச் செய்யணுமா மேடம்?"

"செய்யணும்" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். லாண்டரியில் அவளுக்குக் கடைசி ரோலர் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே மறுமுனையில் யார் நிற்பார் என்பது அந்த அரங்கில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒருத்தி இன்னும் திருப்பிச் செய்யவில்லை.